பின்னால் வருகிறவள்

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. யாராவது வராமல் போனால், கதைக்குள் அவர் ஏற்று ஆடுகிற ஆள் கதையை விட்டுப் போகக் கூடாது. மற்றவர்களுக்குப் பின்னால் நடந்து வரவேண்டும். பேசக் கூடாது, சண்டை போடக் கூடாது. அதே சமயம் புலியோ அம்போ வெள்ளமோ எதுவும் அந்த ஆளைத் தொடக் கூடாது. வேலை, கல்யாணம், காய்ச்சல் என்று ஒருவர் வராத வாரத்தில் அவருடைய ஆளைச் சாகடித்துவிட்டு மற்றவர்கள் சிரிப்பது நியாயமில்லை என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொண்டது. ஆட்டம் ஆரம்பிக்கும்போது கதைசொல்லி அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். இன்னார் பின்னால் வருகிறார். அவ்வளவுதான்.

கதைசொல்லி ஆரோக்கியராஜ். மனைவி ஜான்சி இறந்தபிறகு நடந்த முதல் ஆட்டத்தில், என்ன சொல்வதென்று தெரியாமல், வாய்க்குப் பழகிய வரியைச் சொன்னான்.

"வேம்பி பின்னால் வருகிறாள்."

வேம்பி, ஜான்சியின் ஆள். கதைக்குள் இருக்கும் நீர்க்காட்டில் கழி ஊன்றித் தோணி தள்ளுகிறவள். யாரும் மறுத்துப் பேசவில்லை. கயல்விழி எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவள் கணவன் சுப்பராயலு பகடையைக் கைக்குள் குலுக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தான். பிறகு ஆட்டம் நடந்தது. அடுத்த ஞாயிறும் ஆரோக்கியராஜ் அதையே சொன்னான். அதற்கடுத்த ஞாயிறும் சொன்னான். வருடம் ஒன்று தாண்டிவிட்டது.

ஆட்டம் என்றால் சீட்டோ கேரமோ இல்லை. ஒருவன் ஓர் உலகத்தைச் சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு அதற்குள் நடப்பார்கள். கதவைத் திறக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், கதவுக்குப் பின்னால் இருப்பதைக் கதைசொல்லி சொல்வான். முடியுமா முடியாதா என்ற இடம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள், பெரிய எண் விழுந்தால் முடியும். சிதம்பரத்தில் படிக்கிற காலத்தில் தொற்றிய பழக்கம். படிப்பு முடிந்தது, பழக்கம் போகவில்லை. கயல்விழி பள்ளியில் கணக்கு டீச்சரானாள். சுப்பராயலு வக்கீலானான். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு தெற்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார்கள். மாடியறையில் ஆட்டம். ஆரோக்கியராஜும் ஜான்சியும் கடலூர் முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள்.

ஆரோக்கியராஜை ஆட்டத்தில் ஜான்சியைப் போலத் தொல்லை செய்தவர் கிடையாது. அவன் பாடுபட்டு ஒரு கோட்டை கட்டி வைத்தால் அவள் உள்ளே போக மாட்டாள். வெளியே தயிர் விற்கிறவளிடம் பேச்சுக் கொடுப்பாள். அந்தத் தயிர்க்காரிக்கு அவன் பெயர்கூட யோசித்திருக்க மாட்டான். பஸ்ஸில் திரும்புகிற வழியெல்லாம் சண்டை நடக்கும்.

"வாரம் பூரா குந்தி எழுதனேன்டி."

"எழுதனதை நீயே படிச்சிக்க. அப்புறம் நான் எதுக்கு?"

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். வீட்டுக்கு வரவில்லை. இப்போது அவன் தனியாக வருகிறான். கடைசி சீட்டில் உட்காருகிறான்.

கயல்விழியின் சித்தப்பா மகள் எழிலரசி, சேத்தியாத்தோப்புக்காரி, சிதம்பரத்தில் வங்கி வேலை கிடைத்து அக்கா வீட்டில் வந்து தங்கினாள். அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அவள் ஆளுக்குத் தும்பி என்று பெயர். மரம் ஏறி வழி பார்க்கிறவள். புதியவள் என்பதால் நடக்கிற வரிசையில் கடைசி இடம் கொடுத்தார்கள். முதல் நாளே அவள் கேட்டாள்:

"பின்னால வர்றாங்கன்னீங்களே, அது யாரு?"

கயல்விழி பிறகு அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாள். அதன்பின் எழிலரசி கேட்கவில்லை. ஆனால் ஆட்டத்தின் நடுவில் அடிக்கடி தன் முதுகுப் பக்கம் பார்த்துக்கொள்வாள். அங்கே சுவர்தான் இருந்தது.

சண்டை வந்தது ஐப்பசியில். வெளியே அடைமழை. கதைக்குள்ளும் தண்ணீர்தான். நீர்க்காட்டின் ஓரத்தில் இடிந்துபோன ஒரு மதகு. மதகின் தூண்கள் மட்டும் வரிசையாக, கருத்த தண்ணீருக்கு மேலே ஒரு முழம் நிற்கின்றன. தூணுக்குத் தூண் தாவித்தான் அக்கரை போகவேண்டும். சுப்பராயலுவின் ஆள் கொம்பன் ஒரு கல்லைத் தண்ணீரில் போட்டான்.

"சத்தம் வரலை," என்றான் ஆரோக்கியராஜ்.

"விழுந்த சத்தமா?"

"எந்தச் சத்தமும் வரலை. கல்லு உள்ள போச்சு. அவ்ளோதான்."

கயல்விழியின் ஆள் வைத்தியச்சி மாதுளை. அவள் ஒரு தீப்பந்தத்தை நீட்டிப் பார்த்தாள். தீயின் பிம்பம் தண்ணீரில் விழவில்லை. தும்பி முதல் தூணில் கால் வைத்தாள். பகடையில் மூன்று விழுந்தது. கணுக்காலை ஏதோ பிடித்தது. கொம்பன் இழுத்துக் கரையில் போட்டான். கணுக்காலில் ஐந்து விரல் தடம்.

சுப்பராயலு கோர்ட்டில் எழுந்திருப்பதுபோல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"கனம் கோர்ட்டார் அவர்களே, ஒரு சந்தேகம். பின்னால வர்ற ஆளை எதுவும் தொடாது. சரியா?"

"சரி."

"வேம்பி பின்னால வர்றா."

"ஆமா."

"அப்போ வேம்பி முன்னால போவட்டும். அவ கையைப் புடிச்சிகினு நாங்க ஒன்னு ஒன்னா போயிடறோம். அவளைத்தான் எதுவும் தொடாதே."

எழிலரசி சிரித்துவிட்டாள். பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"முன்னால போனா அது பின்னால வர்ற ஆளு இல்ல," என்றான் ஆரோக்கியராஜ். "விதி செல்லாது."

"விதி இடத்துக்கா ஆளுக்கா? வராதவங்க ஆளை எதுவும் தொடாதுன்னுதானே பேசிகினோம்? ஜான்சி வரலை, அதனால..."

அவனே நிறுத்திவிட்டான். மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"சுப்பு, வுடு," என்றாள் கயல்விழி.

"இல்ல கயலு. ஆரம்பிச்சிட்டேன், சொல்லிடறேன். மச்சான், ஒரு வருஷமா வரலை வரலைங்கற. நாங்களும் தலையாட்டிகினு இருக்கோம். அவ எப்போ வருவான்னு கேட்டா என்னா சொல்வே?"

"முடியாதுன்னா முடியாது. கதைசொல்லி நான்."

"அதையேதான் சொல்ற. தீ வைக்கறேன்னா மழைங்கற. ஓடறேன்னா சேறுங்கற. எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்தத் தண்ணிக்கே கொண்டாந்து நிறுத்தற. நாங்க எதுக்குடா இங்க? நீ மட்டும் தனியா பேசிக்கலாமே. ஜான்சி இருந்திருந்தா உன்னை இந்நேரம் கிழிச்சிருப்பா."

ஆரோக்கியராஜ் பகடைகளைப் பையில் போட்டான். குடையை எடுத்தான். படியிறங்கும்போது கயல்விழி கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம். குடிகாடு வந்ததும் சிப்காட் தொழிற்பேட்டையின் வழக்கமான வாடை வர, பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அவன் பொத்தவில்லை. அதே சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில்தான் அவனுக்கு வேலை. நாள் முழுதும் அந்த வாடையில் நிற்கிறவனுக்கு இது தெரியாது. சில நாட்களாக எதுவுமே தெரிவதில்லை.

வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்தான். சாப்பிட்டான். பாத்திரம் கழுவினான். அழுகை வருமா என்று நின்று பார்த்தான். வரவில்லை. அவள் போனதிலிருந்து வந்ததில்லை.

கல்லறைத் திருநாளுக்குத் தங்கை ஜெயராணி போன் செய்தாள். "அண்ணிக்குப் பூ வாங்கிட்டேன். நீ மெழுகுவத்தி எடுத்துகினு நேரா வந்துடு."

"ஷிப்டு இருக்குது."

"போன வருசமும் ஷிப்டுதான்."

"ஆமா."

அவள் போனை வைத்துவிட்டாள். அவனுக்கு அன்றைக்கு ஷிப்டு இல்லை. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு அவன் சிதம்பரம் போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை சாயங்காலம், துறைமுகத்தில் மீன் வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு கயல்விழியும் எழிலரசியும் வந்தார்கள். கையில் மீன் பை இல்லை.

"நீ குந்து. டீ நான் போடறேன்," என்று கயல்விழி நேராக அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்தே பேசினாள். "சுப்பு உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னான். கூடவே, அவன் சொன்னது ஒன்னும் தப்பில்லன்னும் சொல்லச் சொன்னான்."

"வக்கீலு."

"கட்டிகினு படறேன்."

டீ வந்தது. எழிலரசி டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு முதுகைக் காட்டாமல் நகர்ந்து உட்கார்ந்தாள். கயல்விழி அவளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"சண்டையை வுடு ராஜு. அது ஆட்டத்துல வர்றதுதான். எனக்குப் பயம் வேற. வேம்பி கிட்ட வர்றா."

"என்னா?"

"மொதல்ல எல்லாம் தூரத்துல ஒரு தோணி வெளிச்சம்னு சொல்வே. சித்திரையில, மரத்துக்கு அந்தாண்ட கழி ஊனற சத்தம் கேக்குதுன்னே. அப்புறம் அவ நடந்து வர்றா, தோணி இல்லன்னே. போன மாசம் மூச்சு கேக்குதுன்னே."

"நான் ஒரு வரிதான் சொல்றேன். வேம்பி பின்னால் வருகிறாள். அதுக்குமேல சொன்னதே இல்ல."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை இல்லை. அதுதான் அவனுக்கு என்னவோ போலிருந்தது.

"அண்ணா," என்றாள் எழிலரசி. "சண்டை வந்த அன்னிக்கி, மதகுகிட்ட, வேம்பி நின்னுகினு ஒரு காது கம்மலைத் திருவிகினே இருக்கான்னு சொன்னீங்க. நான் தும்பி கால் வைக்கறதுக்கு மின்ன."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பகடை உருட்டுமுன் ஜான்சி அதைத்தான் செய்வாள். இடது காது. திருகித் திருகி அந்தக் காது மடலே சற்றுச் சிவந்திருக்கும். எழிலரசி ஜான்சியைப் பார்த்தவள் இல்லை.

"இவகிட்ட நீ சொன்னியா?" என்று கயல்விழியைக் கேட்டான்.

"நான் சொல்லலை. அதைவிட, நீ சொன்னதை நான் கேக்கவும் இல்ல. சுப்புவும் கேக்கலை. ஒரே ரூம்ல ஒரே மேசையில குந்திகினு இருந்தோம். இவளுக்கு மட்டும் கேட்டிருக்குது." கயல்விழி குரலைத் தணித்துக்கொண்டாள். "வரிசையில தும்பிதானே கடைசி."

தெருவில் ஒரு வண்டி போனது. எழிலரசி திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்கக் கழுத்தை விறைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி வா," என்றாள் கயல்விழி. "ஆனா நாங்க ஒரு முடிவு பண்ணியிருக்கோம். நாளைக்கி நாங்க மூணு பேரும் நிக்கப் போறோம். நடக்க மாட்டோம். திரும்பி நின்னு அவ வர்றவரைக்கும் காத்துகினு இருப்போம். நீ அதைச் சொல்லணும். முடியாதுன்னா இத்தோட ஆட்டத்தை முடிச்சிக்கலாம். உன்னை வுட மாட்டோம், ஞாயித்துக்கெழம சாப்பிட வா. ஆட்டம் வேணாம்."

அவர்கள் போனபிறகு அவன் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தான். ஜான்சியின் துணிகளை ஜெயராணி எடுத்துப் போய்விட்டாள். போட்டோக்களில் இருப்பவள் சிரித்துக்கொண்டே இருக்கிறாள், ஜான்சி அப்படிச் சிரித்துக்கொண்டே இருந்தவள் இல்லை. வீம்பும் கலகமுமாக அவளே வளர்த்த ஓர் ஆள் வேம்பிதான். ஆட்டத்தை நிறுத்தினால் வேம்பி எங்கும் வர மாட்டாள். ஆட்டத்தை நடத்தினால் நாளைக்கு அவள் வந்து சேர்ந்துவிடுவாள். வந்து சேர்ந்தவள் பேசவேண்டும். பேசப்போவது அவன்.

போகாமலிருக்கலாம் என்று நினைத்தான். காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டு பஸ் ஏறிவிட்டான்.

சுப்பராயலு வாசலிலேயே நின்றிருந்தான். "வாடா மச்சான். வடை ஆறிப்போவுது." அதற்குமேல் இருவருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

பிற்பகல்தான். வானம் இருண்டு, மாடியறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஆரோக்கியராஜ் பகடைகளை எடுத்து வைத்தான்.

"மதகு. அதே தண்ணி. பொழுது சாயுது. வேம்பி பின்னால் வருகிறாள்."

"மாதுளை நிக்கறா," என்றாள் கயல்விழி.

"கொம்பனும்."

"தும்பி திரும்பிப் பாக்கறா," என்றாள் எழிலரசி. சொல்லிவிட்டு அவளும் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"தண்ணிக்குள்ள ஏதோ நகருது," என்றான் ஆரோக்கியராஜ். "பெருசா. உங்க பக்கம் வருது. பகடை எடுங்க."

யாரும் எடுக்கவில்லை.

"முதலையாடா?" என்றான் சுப்பராயலு, மெதுவாக.

"ஆமா."

"வந்துட்டுப் போவட்டும். நாங்க அவளுக்காக நிக்கறோம்."

வேறு வழியில்லை. அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். மரங்களுக்கிடையே பனி. அலையாத்தி வேர்கள் தண்ணீரில் முழங்கால் மடக்கி நிற்கின்றன. ஒரு பறவை கத்தி ஓய்கிறது. ஈர மண்ணில் கால் பதியும் சத்தம், கால் பிடுங்கும் சத்தம். வேர்களைத் தாண்டி ஓர் உருவம். தலையில் முண்டாசு, கையில் கழி. அவள்தான். கிட்ட வருகிறாள். தும்பிக்கு எதிரே வந்து நிற்கிறாள்.

"அக்கா," என்றாள் எழிலரசி சுவரைப் பார்த்து. "நான் தும்பி. நீங்க யாருக்காக வர்றீங்க?"

ஆரோக்கியராஜ் வாயைத் திறந்தான். ஜான்சி என்ன சொல்வாள் என்று தேடினான். வந்த வாக்கியங்கள் எல்லாம் அழகாக இருந்தன. எல்லாம் அவனுடையவை. ஒன்றையும் அவள் சொல்லியிருக்க மாட்டாள். அவள் அடுத்து என்ன செய்வாள் என்று ஒருநாளும், ஒரே ஒருநாளும், அவன் சரியாக ஊகித்ததில்லை. ஊகிக்க முடியாததுதான் அவள். அது போய்விட்டது. மிச்சமிருப்பது அவன் கற்பனை, முண்டாசு கட்டிக்கொண்டு.

"பேசலை," என்றான்.

வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தான். ஆனால் குரல் தொடர்ந்தது.

"அவ உங்களைத் தாண்டிப் போறா."

அவன் அதை யோசிக்கவில்லை. தயார் செய்யவில்லை. தன் குரலை அடுத்த அறையிலிருந்து கேட்கிறவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தான். எழிலரசியின் தலை மெல்லத் திரும்பியது, யாரோ நடந்து போவதைப் பார்க்கிற மாதிரி. கயல்விழி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். சுப்பராயலு நீட்டியிருந்த காலை மடக்கி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வழிவிட்டான். அப்படிச் செய்தது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. மேசைமேல் இருந்த காகிதத்தட்டு கொஞ்சம் நகர்ந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

"மதகு மேல ஏறிட்டா. ஒவ்வொரு தூணா கால் வைக்கறா. எதுவும் அவளைத் தொடலை. அக்கரை போயிட்டா. நிக்கறா."

யாரோ மூச்சு விட்டார்கள்.

"வழி கெடச்சிட்டுது," என்றான் ஆரோக்கியராஜ். அவன் குரல் வேகம் கொண்டது. "சுப்பு, நீ கேட்ட மாதிரியே ஆச்சு. அவ முன்னால போயிட்டா. கெளம்புங்க. அவ பின்னாலயே போயிடலாம்."

"வேணாம்," என்றான் சுப்பராயலு.

"நீதானேடா கேட்டே?"

"கேட்டேன். இப்ப வேணாம்."

"வேற வழி கெடையாது. கதை அந்தப் பக்கம்தான் இருக்குது. இங்க தண்ணி ஏறுது. முட்டி வரைக்கும் வந்துட்டுது."

"வரட்டும்," என்றாள் கயல்விழி.

"இடுப்புக்கு வந்துட்டுது. பின்னால கரை இல்ல. மரம் எல்லாம் முழுகிடுச்சி. நீங்க போய்த்தான் ஆவணும்."

"நாங்க அவ பின்னால போவ மாட்டோம் ராஜு. நீ கழுத்து வரைக்கும் ஏத்து. போவ மாட்டோம்."

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தான். எழிலரசி இப்போது சுவரைப் பார்க்கவில்லை, மாடிப்படிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அவ கையைத் தூக்கறா இல்ல?"

அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவனுக்கும் அது தெரிந்தது. அக்கரை இருட்டில் ஒரு கை எழுந்திருந்தது.

"ஆமா."

"நம்மளை வரச் சொல்றாளா, போவச் சொல்றாளா?"

அவன் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று தெரியாது.

"தெரியல," என்றான்.

கதைசொல்லி சொல்லக்கூடாத வார்த்தை. இத்தனை வருடத்தில் அவன் சொன்னதில்லை. எதற்கும் ஏதாவது ஒரு பதில் வைத்திருப்பான். ஜான்சி அவனை இப்படித்தான் விழிக்க வைப்பாள்.

"நான் போறேன்," என்றான். "நீங்க இருங்க. நான் அவகூடப் போறேன்."

"நீ எப்படிடா போவே?" என்றான் சுப்பராயலு. வழக்கமான கோர்ட்டுக் குரல் இல்லை. "உனக்கு அதுக்குள்ள ஆள் கெடையாதேடா. கதைசொல்லிக்கு ஆள் கெடையாது. அதுவும் விதிதான்."

"ஒரு ஆளை உண்டாக்கிகினு போறேன்."

"போனா எங்களுக்கு யாரு சொல்றது? இடுப்பளவு தண்ணியில நிறுத்தியிருக்கே. நீதான் நிறுத்தனே. அப்படியே வுட்டுட்டுப் போயிடுவியா?"

கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டில், மழைத் தண்ணீர் சொட்டுகிற சத்தம். சொட்டுக்குச் சொட்டு இடைவெளி அதிகமாகிக்கொண்டே போனது. யாரோ ஈரக்காலோடு ஒவ்வொரு படியாக இறங்குகிற மாதிரி. நாலு பேரும் கேட்டார்கள். கடைசிப் படிக்கப்புறம் கேட்கவில்லை.

"நாங்க திரும்பறோம்," என்றாள் கயல்விழி. "மாதுளை, கொம்பன், தும்பி. மூணு பேரும் வந்த பக்கமே போறோம்."

"அங்க ஒன்னும் இல்ல கயலு." அவன் குரல் உடைந்தது. "நான் எதுவும் யோசிச்சு வைக்கலை. சத்தியமா ஒன்னுமே இல்ல அந்தப் பக்கம்."

"வை."

அவன் அவளைப் பார்த்தான்.

"இப்ப வை," என்றாள் அவள். "காத்துகினு இருக்கோம்."

கன்னத்தில் ஏதோ ஊர்வதை உணர்ந்து தொட்டுப் பார்த்தான். ஈரமாக இருந்தது. துடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினான். முழுகிய மரங்கள், வெற்றுத் தண்ணீர். வெகுநேரம் எதுவும் வரவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஒரு மேடு," என்றான் கடைசியில். "சின்ன மேடு. தண்ணி அது மேல ஏறலை."

"சரி," என்றான் சுப்பராயலு.

"மேட்டுல ஒரு மாடு கட்டியிருக்குது. செவலை. உங்களைப் பாத்து எழுந்து நிக்குது."

"யாரு மாடு?"

"தெரியல."

"இந்தக் காட்டுல கயித்தைக் கட்டனவன் யாருடா? பக்கத்துல வீடு இருக்குதா? வைக்கோல் இருக்குதா?"

"தெரியலடா. போயிப் பாருங்க."

எழிலரசி நாற்காலியை மேசைப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நான் முன்னால போறேன்," என்று சொல்லிப் பகடையை எடுத்தாள்.